மேகன் சட்டத்தின் பட்டியல் பிள்ளைகளைக் காப்பாற்றியதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்த செய்தி வந்தால், அடுத்த சில நாட்களில் வாசகர் கடிதங்களில் ஒரு கோரிக்கை தவறாமல் வருகிறது. அமெரிக்காவில் இருப்பதுபோல் இந்த ஆட்களின் பெயர், படம், வீட்டு முகவரி எல்லாவற்றையும் இணையத்தில் போடுங்கள், ஊரே பார்க்கட்டும் என்று கேட்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட பட்டியலைத் தரும் மேகன் சட்டம் பிறந்த நியூ ஜெர்சியில் பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே அந்தப் பட்டியல் இருபது வருடத்துக்கு மேலாக இணையத்தில் இருக்கிறது. இந்தச் சட்டத்தால் குற்றம் குறைந்ததா என்று இந்த மாநிலச் சிறைத்துறையின் ஆய்வாளர்களே கணக்கு எடுத்துப் பார்த்தார்கள், குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அந்த முடிவைப் படிக்காமல் அதே பட்டியலை நம் ஊருக்கும் கேட்பது சரியில்லை.

மேகன் கான்கா ஏழு வயதுச் சிறுமி. டிரென்டனுக்குப் பக்கத்தில் ஹாமில்டன் டவுன்ஷிப்பில், 1994 ஜூலை 29 அன்று, எதிர்வீட்டில் குடியிருந்தவன் நாய்க்குட்டி காட்டுகிறேன் என்று கூப்பிட்டுக்கொண்டு போய் அவளைக் கெடுத்துக் கொன்றான். சிறுமிகளிடம் அத்துமீறியதற்காக ஏற்கெனவே இரண்டு முறை தண்டனை பெற்றவன் அவன். அதே வீட்டில் அவனோடு இருந்த இன்னும் இருவரும் அதே வகைக் குற்றத்துக்காக உள்ளே இருந்துவிட்டு வந்தவர்கள். தெருவில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால் எங்கள் பிள்ளை பிழைத்திருப்பாள் என்று அந்தத் தாயும் தகப்பனும் சொன்னார்கள், நான்கு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள், மூன்றே மாதத்தில், அக்டோபர் 31 அன்று, ஆளுநர் கிறிஸ்டின் விட்மன் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1996-இல் நாடு முழுவதற்குமான சட்டமாகவும் ஆனது. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. அவர்கள் விஷயத்தில் தகவல் தெரிந்திருந்தால் உண்மையிலேயே உதவியிருக்கும். அந்த ஒரு சம்பவத்துக்குப் பொருந்துவது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேயே பலருக்குத் தெரியாது. தண்டனை முடிந்து வருகிறவர் உள்ளூர் போலீசிடம் பதிவு செய்ய வேண்டும், வீடு மாறினால் மறுபடியும் சொல்ல வேண்டும். கவுன்டியின், அதாவது மாவட்டத்தின், அரசு வழக்கறிஞர் அலுவலகம், பழைய குற்றத்தில் பலாத்காரம் இருந்ததா, பாதிக்கப்பட்டவருக்கு என்ன வயது, எத்தனை பேர், சிகிச்சைக்கு ஒத்துழைத்தாரா, இப்போது வேலையும் இருக்க இடமும் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் போட்டு மூன்று நிலைகளில் ஒன்றில் வைக்கும். அதை எதிர்த்து அவர் நீதிமன்றத்தில் வாதாடலாம், 1995-லேயே இந்த மாநில உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைக் கொடுத்துவிட்டது. முதல் நிலை என்றால் போலீசுக்கு மட்டும் தெரியும். இரண்டாம் நிலை என்றால் பள்ளிகளுக்கும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அமைப்புகளுக்கும் சொல்வார்கள். மூன்றாம் நிலை என்றால் போலீஸ் வீடு வீடாக வந்து அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லும். 2000-இல் மக்கள் வாக்களித்து மாநில அரசியல் சட்டத்தையே திருத்திய பிறகு 2002-இல் மாநிலக் காவல்துறை இணையப் பட்டியலைத் தொடங்கியது.

அந்த இணையப் பட்டியலில் யார் இல்லை என்பதை நம் மக்கள் கவனிக்க வேண்டும். முதல் நிலையில் இருப்பவர்கள் பொதுவாக இல்லை. இரண்டாம் நிலையிலும், செய்தது ஒரே குற்றம், அதுவும் தன் சொந்தக் குடும்பத்துப் பிள்ளையிடம் என்றால் பொதுவாக அவர் பெயர் அதில் வராது. காரணம் நியாயமானதுதான். தகப்பன் பெயரும் முகவரியும் வெளியே வந்தால் பாதிக்கப்பட்ட மகள் யார் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும், அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் முறை தண்டனை கொடுத்ததுபோல் ஆகிவிடும். சட்டம் எழுதியவர்கள் இதை யோசித்தது சரி. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். அமெரிக்க நீதித்துறை 2000-இல் வெளியிட்ட புள்ளிவிவரப்படி, போலீசுக்கு வந்த வழக்குகளில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைச் சீரழித்தவர்களில் 34 சதவீதம் குடும்பத்தினர், 59 சதவீதம் தெரிந்தவர்கள், முன்பின் தெரியாத ஆள் 7 சதவீதம்தான். மூன்றில் ஒரு பங்காக இருக்கும் குடும்பத்து ஆட்களில் தண்டனை பெற்றவர்கள்கூட அந்தத் திரையில் பெரும்பாலும் தெரிய மாட்டார்கள். தெரிந்தவர்களில் பெரும்பாலோர் மீது அதுவரை புகாரே இருக்காது. பிள்ளை நம்பிப் பழகுகிற ஆள் பட்டியலில் இருக்க மாட்டார், பட்டியலில் இருக்கிற ஆளோடு பிள்ளை பழகுவது அபூர்வம்.

இப்போது அந்த ஆய்வுக்கு வருகிறேன். 2008 டிசம்பரில் வெளிவந்தது. நியூ ஜெர்சி சிறைத்துறையின் கிறிஸ்டன் ஸ்கோபாவும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் செய்தது, மத்திய நீதித்துறையின் ஆய்வு நிறுவனம் பணம் கொடுத்தது. யாரோ குற்றவாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் எழுதியது என்று தள்ள முடியாது. சட்டம் வருவதற்கு முன் பத்து வருடம், வந்த பின் பத்து வருடம் என்று மாநிலக் குற்ற எண்ணிக்கையைப் பார்த்தார்கள். 1990-க்கும் 2000-க்கும் இடையில் வெளியே வந்த 550 பேரை எடுத்து, சட்டத்துக்கு முன் வந்தவர்கள், பின் வந்தவர்கள் என்று பிரித்து என்ன ஆனார்கள் என்று பார்த்தார்கள். மறுபடி கைதாகும்வரை வெளியே இருந்த காலம், மறுபடி செய்த பாலியல் குற்றம், அதன் வகை, பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை, இவை எதிலும் சட்டத்தால் மாற்றம் வந்ததாகக் காட்ட முடியவில்லை. மாநில அளவில் எண்ணிக்கை குறைந்துகொண்டு வந்தது உண்மை, 1994-ஐ ஒட்டி ஒரு திருப்பமும் தெரிந்தது. ஆனால் கவுன்டி கவுன்டியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு போக்கில் போகிறது, அதனால் அந்தத் திருப்பத்தைச் சட்டத்தின் கணக்கில் எழுத முடியாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். செலவோ, பதில் கொடுத்த கவுன்டிகளில் மட்டும் 2007-இல் ஏறக்குறைய 39 லட்சம் டாலர்.

பக்கத்து மாநிலமான நியூயார்க்கில் 1986 முதல் 2006 வரை 21 வருடத்துக் கைதுகளை எடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வும் 2008-இல்தான் வந்தது. பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்களில் 95 சதவீதத்துக்கு மேல், அதற்கு முன் அப்படிப்பட்ட தண்டனை எதுவும் இல்லாதவர்கள். நூறு பேரில் ஐந்து பேரைப் பற்றித்தான் பட்டியல் எச்சரித்திருக்க முடியும், அதுவும் பார்க்க வேண்டியவர் பார்க்க வேண்டிய நேரத்தில் பார்த்திருந்தால்.

எதிர்ப்பக்கத்து ஆதாரத்தையும் சொல்லிவிடுகிறேன். மினசோட்டாவில் நடந்த ஓர் ஆய்வு, அக்கம்பக்கத்துக்கு அறிவித்தது மறுகுற்றத்தைக் குறைத்தது என்று கண்டது. ஆனால் அங்கே அப்படிப் பரவலாக அறிவிப்பது மிக ஆபத்தானவர்கள் என்று முடிவான மூன்றாம் நிலைக்காரர்களைப் பற்றி மட்டும். அப்புறம் பல மாநிலங்களின் குற்றக் கணக்கை வைத்துப் பிரெஸ்காட், ராக்காஃப் என்ற இருவர் 2011-இல் செய்த ஆய்வு இருக்கிறது, என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். போலீசிடம் பதிவு செய்ய வைப்பது குற்றத்தைக் குறைக்கிறது, குறிப்பாக அருகில் இருப்பவர்களுக்கு எதிரான குற்றத்தை. பொதுமக்களுக்குப் பகிரங்கமாகக் காட்டுவதோ, ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்கள் மறுபடி குற்றம் செய்வதைக் கூட்டக்கூடும். யோசித்தால் ஆச்சரியம் இல்லை. வீடு கிடைக்காது, வேலை கிடைக்காது, சொந்தக்காரர் சேர்க்க மாட்டார், இனி இழக்க ஒன்றும் இல்லை என்ற நிலைக்கு ஓர் ஆளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அவன் ஒழுங்காக இருப்பான் என்று எதிர்பார்க்கிறோம். அவனுக்காக நான் இரக்கப்படச் சொல்லவில்லை, அடுத்து அவன் கையில் சிக்கக்கூடிய பிள்ளையை நினைத்துத்தான் சொல்கிறேன்.

தகவல் யார் கையில் இருந்தால் பயன் என்பதற்கு கலிஃபோர்னியாவில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். 1991-இல் பதினொரு வயதில் கடத்தப்பட்ட ஜேசி டுகார்ட் பதினெட்டு வருடம் ஆன்டியாக் என்ற ஊரில் ஒரு வீட்டின் பின்கட்டில், கூடாரங்களிலும் கொட்டகைகளிலும் அடைத்து வைக்கப்பட்டிருந்தாள், இரண்டு பெண் குழந்தைகளும் அங்கேயே பிறந்தார்கள். கடத்தியவன் பதிவேட்டில் இருந்தவன். பரோல் அதிகாரிகள் அந்த வீட்டுக்கே வந்துபோனார்கள். 2006-இல் பின்கட்டில் கூடாரம் போட்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் போன் செய்து சொன்னபோது, வந்த காவலர் வாசலில் நின்று பேசிவிட்டுப் போய்விட்டார், அவன் பழைய பாலியல் குற்றவாளி என்பதே அவருக்குத் தெரியாது. கடைசியில் 2009-இல் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்துக்கு அவன் ஜேசியின் அந்த இரண்டு பெண் குழந்தைகளோடு வந்தபோது, அங்கே வேலை பார்த்த இரண்டு பெண்களுக்கு அந்தக் குழந்தைகளின் முகமும் பேச்சும் என்னவோ சரியில்லை என்று பட்டது. அதில் ஒருவர் வளாகக் காவலர், அவன் பெயரைப் போலீஸ் கணினியில் போட்டுப் பார்த்தார், கடத்தல், பலாத்காரம் என்று வந்தது, உடனே பரோல் அலுவலகத்தைக் கூப்பிட்டார். குழந்தைகளைக் கண் கொண்டு பார்த்த ஒரு பெண்ணும், அதிகாரத்தோடு தகவலைத் தேடக்கூடிய ஒரு காவலரும் சேர்ந்தார்கள், ஜேசி வெளியே வந்தாள். அவளுக்கு கலிஃபோர்னியா அரசு 2 கோடி டாலர் நஷ்ட ஈடு கொடுத்தது.

பட்டியல் தவறாகப் பயன்பட்ட கதையும் இருக்கிறது. 2006 ஈஸ்டர் ஞாயிறு அன்று மெய்ன் மாநிலத்தில் ஓர் இளைஞன் இணையப் பட்டியலைப் பார்த்து முகவரி எடுத்துக்கொண்டு போய் இருவரைச் சுட்டுக் கொன்றான். அதில் ஒருவர் இருபத்து நான்கு வயதுக்காரர், பத்தொன்பது வயதில் பதினாறு முடியாத தன் காதலியோடு உறவு வைத்திருந்ததற்காகப் பட்டியலில் ஏறியவர். சிறுபிள்ளைகளை வேட்டையாடுபவனும் இவரும் ஒரே மாதிரிப் படத்தோடும் முகவரியோடும் ஒரே இடத்தில் இருந்தார்கள்.

இத்தனை பயம் எதை வைத்து வந்தது என்று பார்த்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. 2002-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், சிகிச்சை பெறாத பாலியல் குற்றவாளிகள் மறுபடி குற்றம் செய்யும் வீதம் 80 சதவீதம் வரை இருக்கும் என்று எழுதியது. மறு வருடம் இன்னொரு தீர்ப்பிலும் அதே பேச்சு வந்தது. பிறகு எத்தனையோ கீழ் நீதிமன்றங்கள் அதை எடுத்துப் போட்டன. 2015-இல் ஆய்வாளர்கள் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று துருவிப் பார்த்தபோது, 1986-இல் ஒரு ஜனரஞ்சக மனவியல் பத்திரிகையில் சிகிச்சைத் திட்டம் நடத்தி வந்த ஒருவர் எந்த ஆதாரமும் காட்டாமல் எழுதிய ஒரு வரியில் போய் நின்றது. நீதித்துறையின் சொந்தக் கணக்கோ, 1994-இல் 15 மாநிலங்களில் விடுதலையானவர்களில் மூன்று வருடத்துக்குள் பாலியல் குற்றத்துக்காக மறுபடி கைதானவர்கள் 5.3 சதவீதம் என்கிறது. இது கைதானவர்களின் கணக்குத்தான், வெளியே வராத குற்றம் எவ்வளவோ இருக்கும். அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். ஆனால் வெளியே வராத குற்றத்தைப் பட்டியலால் வெளியே கொண்டுவர முடியாதே.

இங்கே நம் ஆட்கள் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியில் வீடு வாங்கும் ஒப்பந்தத்திலேயே மேகன் சட்டம் பற்றி ஒரு பத்தி இருக்கும். எடிசனிலோ பார்சிப்பனியிலோ வீடு தேடும் தமிழ்க் குடும்பம் பள்ளிக்கூட மதிப்பெண்ணைப் பார்த்த கையோடு இந்தப் பட்டியலையும் பார்க்கும், சுற்று வட்டாரத்தில் யாரும் இல்லை என்றால் மனசு நிம்மதியாகிவிடும். அந்த நிம்மதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதே பெற்றோர் ட்யூஷனுக்கும் பாட்டு வகுப்புக்கும் கதவு மூடிய அறைக்குள் பிள்ளையை விட்டுவிட்டுக் காரில் உட்கார்ந்து போன் பார்ப்பார்கள். நீண்ட வார இறுதியில் மூன்று குடும்பம் சேர்ந்து வாடகை வீடு எடுத்தால், எந்த அங்கிள் எந்தப் பிள்ளைகளோடு கீழ்த்தளத்தில் இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை வந்து அவர் மடியில் உட்கார மாட்டேன் என்று சொன்னால், பெரியவரிடம் அப்படி மரியாதை இல்லாமல் பேசாதே என்று அதட்டுகிறோம். அப்படி அதட்டப்பட்ட பெண்கள் இன்று நாற்பது வயதில் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். அவர்களுக்கு நடந்தது எந்தப் பட்டியலிலும் இல்லை, வீட்டில் ஒருவரும் புகார் கொடுக்க விடவில்லை.

இத்தனைக்கும் இந்த மாநிலத்தில், பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால், ஆசிரியர், டாக்டர் மட்டும் இல்லை, எவராக இருந்தாலும் உடனே அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. மேகன் சட்டத்தைத் தெரிந்த அளவுக்கு இந்தச் சட்டத்தை நம்மவர்களுக்குத் தெரியாது. 2019-இல் இன்னும் இரண்டு நல்ல காரியம் நடந்தது. எது சரியில்லாத தொடுதல், யாரிடம் சொல்வது என்று பள்ளியில் கட்டாயம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. சிறுவயதில் பாதிக்கப்பட்டவர் 55 வயது வரை நஷ்ட ஈட்டு வழக்குப் போடலாம், காலம் கடந்துபோன பழைய வழக்குகளையும் இரண்டு வருடத்துக்குள் கொண்டுவரலாம் என்று இன்னொன்று வந்தது. பல வருடம் மூடி மறைத்த நிறுவனங்கள் பதில் சொல்ல வேண்டி வந்தது அதனால்தான். பட்டியலுக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கை இப்படிப்பட்ட வேலைகளுக்கும், எங்கள் பக்கத்தில் ஏவனெல் என்ற ஊரில் பாலியல் குற்றவாளிகளுக்கென்றே இருக்கும் சிகிச்சைச் சிறைக்கும் கொடுத்தால் பிள்ளைகளுக்கு அதிகப் பயன் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

பட்டியலையே தூக்கிப் போடச் சொல்லவில்லை. போலீசிடம் பதிவு கட்டாயம் இருக்க வேண்டும், தவறாமல் புதுப்பிக்கப்பட வேண்டும், ஒரு மாவட்டத்துக் காவலர் இன்னொரு மாவட்டத்துத் தகவலை உடனே பார்க்க முடிய வேண்டும். பள்ளியும் குழந்தைகள் காப்பகமும் ஆள் எடுக்கும்போது சரிபார்க்க வழி இருக்க வேண்டும். மிக ஆபத்தான ஒருவர் தெருவுக்கு வந்தால் அந்தத் தெருவுக்குச் சொல்லட்டும். இங்கிலாந்தில் 2011-க்குள் நாடு முழுவதும் வந்துவிட்ட முறை இருக்கிறதே, என் பிள்ளையோடு இன்னார் நெருங்கிப் பழகுகிறார், அவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பெற்றோர் போலீசிடம் கேட்கலாம், தேவை இருந்தால் போலீஸ் அந்தப் பெற்றோருக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லும், அது நியாயமாகப் படுகிறது. அங்கே கேள்வி, பிள்ளையோடு பழகும் ஆளைப் பற்றியது.

இந்தியாவில் மத்திய உள்துறை 2018 செப்டம்பர் 20 அன்று தொடங்கிய தேசியப் பதிவேட்டில் அப்போதே 4.4 லட்சம் பதிவுகள் இருந்தன, அதைக் காவல்துறையும் விசாரணை அமைப்புகளும் மட்டுமே பார்க்கலாம். அதைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பவர்கள் நம் கிராமத்தை நினைத்துப் பார்க்கட்டும். போக்சோ வழக்குகளிலும் பத்தில் ஒன்பதுக்கு மேல் செய்தவர் தெரிந்தவர்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் சொல்கின்றன. தாய்மாமன் பெயரும் படமும் இணையத்தில் வந்தால் பிள்ளை யார் என்று கண்டுபிடிக்க அந்த ஊருக்கு அரை நாள் போதும். பிள்ளையின் அடையாளம் தெரியக்கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு பத்திரிகைகளுக்கே தடை போட்டிருக்கிறது, அந்தத் தடையை அரசே தன் இணையதளத்தால் உடைத்ததாகிவிடும். குடும்பத்துப் பெயர் காலத்துக்கும் இணையத்தில் நிற்கும் என்று தெரிந்தால், புகாரை வாபஸ் வாங்கு என்று அந்தப் பிள்ளையின் தாய் மீது விழும் அழுத்தம் இன்னும் பல மடங்காகும். தண்டனையே கிடைக்காமல் போனால் பட்டியலில் ஏற்ற யார் இருப்பார்கள்?

உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட செய்தி வரும் ஒவ்வொரு நாளும் அதன் கீழேயே, குழந்தைகள் உதவி எண் 1098 என்பதையும், சந்தேகம் இருந்தாலே புகார் கொடுக்கலாம், தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோவின்படி குற்றம் என்பதையும் கட்டம் கட்டி அச்சிடுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும் அந்தந்தப் பதிப்பில் சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி.